கீழே வைக்க முடியாத செம்பும் மீனம்பாக்கத்தில் ஒரு பகலும்

விரிசடையில் ஒரு நதியையே நிறுத்தி வைத்தும் அதன் பாரம் சிறிதும் தெரியாமல் ஆடிக்கொண்டிருக்கும் பெருமானே, செம்பளவு நீரைத் தாங்க ஒரு பகல் முழுதும் தடுமாறிய இந்தக் கை எழுதத் தொடங்குகிறது, முன்நின்று அருள்க.

தை மாதம், தேய்பிறைச் சதுர்த்தசி. மறுநாள் தை அமாவாசை; சேதுக் கடலில் நீராடுவதற்கு எங்கள் குடும்பத்தார் ஆண்டு முழுதும் எண்ணிக் காத்திருக்கும் நாள். அந்தச் சதுர்த்தசிக் காலையில்தான் காசியிலிருந்து தில்லி வழியாக மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மதுரைக்குப் போகும் விமானம் மாலையில். இடையில் இருந்த பகலை எப்படிக் கழிப்பது என்பதுதான் கேள்வி.

என் கையில் ஒரு செப்புச் செம்பு இருந்தது. கங்கையில் இடுப்பளவு இறங்கி நானே மொண்ட நீர். செம்பின் வாயை ஈயத்தால் அடைத்திருந்தார்கள். அந்நீர் அமாவாசையன்று இராமேசுவரத்துப் பெருமானின் திருமுடியில் சேர்ந்தால்தான் யாத்திரை நிறைவுறும். அதுவரை அடைப்பைத் திறக்கக்கூடாது. செம்பைத் தரையில் வைக்கக்கூடாது. அசுத்தமான இடத்திற்குக் கொண்டுபோகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சொந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டக்கூடாது. இது எங்கள் வழக்கம். வீடோ அஸ்தினாபுரத்தில், விமான நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். எங்கள் மொட்டை மாடியில் துணி உலர்த்துபவர்கள் விமானச் சத்தத்தைக் கேட்டே பொழுதைச் சொல்லிவிடுவார்கள்.

நான் உட்கார்ந்த சிறிது நேரத்தில் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு என் மகன் உள்ளே வந்தான்.

"அப்பா, பத்து நிமிஷம். ஆட்டோல போய் குளிச்சு, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு சாயங்காலம் வந்துடலாம்."

"நிலைப்படி தாண்டக்கூடாது என்று உனக்குத் தெரியாதா?"

"பின்பக்கமா வாங்க. அந்தக் கதவுக்கு நிலைப்படியே இல்லை. கரையான் தின்னுடுச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை; ஐயம்தான் வந்தது. டிக்கெட் எடுத்தவன் அவன். "நண்பகலிலேயே மதுரைக்கு ஒரு விமானம் இருக்கிறதாமே? பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார்" என்றேன்.

அவன் மேற்கூரையில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்தான். "நீங்க வீட்டுக்கு வந்து ரெஸ்ட் எடுப்பீங்கன்னுதாம்பா கேப் விட்டு புக் பண்ணேன். இப்படி நட்டு வெச்ச மாதிரி உக்காருவீங்கன்னு யாருக்குத் தெரியும்? சரி, செம்பையாவது குடுங்க, கொஞ்ச நேரம் வெச்சுக்கறேன்."

கொடுக்கவில்லை. கொடுத்தால் அவன் செம்போடு வீட்டுக்கு நடந்துவிடுவான். கன்றைத் தூக்கிப் போகிறவன் பின்னால் பசு போவதுபோல நானும் போக நேரும். அவன் கோபத்தை அடக்கிக்கொண்டு, வாழைப்பழச் சீப்பு ஒன்றை என் பக்கத்தில் வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டான்.

பிறகு பாராயணத்தில் மனத்தைச் செலுத்தினேன். நெடும்பகலைக் கழிக்கப் பதிகத்தைவிட நல்ல துணை எனக்கு வாய்த்ததில்லை. ஒவ்வொரு பாட்டையும் முணுமுணுப்பாகச் சொல்லி, அடுத்ததற்குப் போகுமுன் அதன் பொருளில் சற்று நிற்பது என் முறை. அன்று ஐந்தாம் பாட்டிலேயே நின்றுவிட்டேன். எதிர் வரிசையில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் கையில் பயணப்பை இல்லை. விமானங்களின் அறிவிப்பு வந்தபோதெல்லாம் மற்றவர்கள் தலை நிமிர்ந்தார்கள், அவர் நிமிரவில்லை. அவர் பார்வை என் மடியில் இருந்த செம்பின் மேலேயே இருந்தது. நான் தூண் மறைவுக்கு இடம் மாறினேன். சற்று நேரத்தில் அவரும் அந்தத் தூணின் மறுபக்கம் வந்து நின்றார்.

செம்புக்கு நல்ல எடை. பழைய செம்பை வாங்குவோர் குரோம்பேட்டைக் கடைத்தெருவிலேயே இருக்கிறார்கள். நான் கண்ணயரும் நேரத்துக்காக அவர் காத்திருப்பதாக எண்ணினேன். தரை துடைத்துக்கொண்டு வந்த பெண்மணி அருகே வந்தபோதும் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"காலத் தூக்கு பெரியவரே. உன் சொம்ப நான் ஒண்ணும் தூக்கிக்கினு ஓடிட மாட்டேன்" என்றாள் அவள். அவளையும் நான் முழுதாக நம்பவில்லை.

உச்சிப்பொழுது சாய்ந்தது. இப்போது வேறொரு துன்பம் தலைகாட்டியது. காலையிலிருந்து நான் கழிவறைக்குப் போகவில்லை. செம்போடு அங்கே நுழைய முடியாது. தரையில் வைக்க முடியாது. எவரெவரோ அமர்ந்து எழுந்த நாற்காலியில் வைக்கவும் மனம் ஒப்பவில்லை. மகனை அனுப்பியதற்காக வருந்தினேன். பதிகத்தின் சொற்கள் உதட்டில் ஓடின. பொருள் எங்கோ போய்விட்டது. உடல் ஒன்றை மட்டுமே நினைத்தது.

அப்போது கட்டச் சட்டைக்காரர் நேரே வந்து என் முன்னால் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். அவர் சாதாரண உடையில் இருந்த காவலர். கழுத்துச் சங்கிலியில் ஒரு சிறிய சிலுவை தெரிந்தது.

"இன்னா சார் அது? காத்தாலேர்ந்து பாத்துக்கினே கீறேன். கீழ வெக்க மாட்றீங்க. டீ குடிக்கல, பேப்பர் படிக்கல, பாத்ரூம் கூடப் போல. யார்கிட்டயோ முணுமுணுன்னு பேசிக்கினே இருந்தீங்க. இன்னா கீது அதுல?"

"கங்கை நீர்."

"தண்ணிய எதுக்கு சார் ஈயம் வெச்சு அடைக்கணும்?"

அப்போதுதான் விளங்கிற்று. அவரைத் திருடர் என்று நான் காவல் காத்த பகல் முழுதும், என்னை வெடிகுண்டுக்காரன் என்று அவர் காவல் காத்திருக்கிறார். காசியிலும் தில்லியிலும் செம்பைக் கண்டதும் கும்பிட்டு வழிவிட்டார்கள். நம் ஊரில் அந்த ஆண்டுகளில் காவல் கடுமையாக இருந்தது.

சினம் கொள்ள வேண்டிய நேரம். ஆனால் உடல் அதற்கு இடம் தரவில்லை. அத்துடன் ஓர் எண்ணமும் வந்தது. இந்தக் கட்டிடத்தில் செம்பைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொள்ளக்கூடியவர் யார்? நம்புகிறவன் அயர்ந்துவிடுவான். ஐயப்படுகிறவன் அயரமாட்டான், கீழே போடவும் துணியமாட்டான்.

"ஐயா, இதைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே மட்டும் வைத்துவிடாதீர்கள்" என்று அவர் கைகளில் செம்பை வைத்துவிட்டு நடந்தேன், ஓடினேன் என்பதே சரி.

"சார்! சார்! எங்க சார் போறீங்க?" என்ற குரல் பின்னால் கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். கைகள் இரண்டும் உடம்பை விட்டு முன்னால் நீண்டிருந்தன. நெற்றி வியர்த்திருந்தது. காலணிகள் மட்டும் கழற்றப்பட்டு ஓரமாகக் கிடந்தன.

"காலணியை ஏன் கழற்றினீர்?"

"டவுட்டாத்தான் கீது சார். ஆனா நெஜமாவே சாமி தண்ணியா இருந்துட்டா? மொதல்ல வாங்கிக்க சார்."

அவர் என்னைத் தம் மேலதிகாரியிடம் அழைத்துப் போனார். அதிகாரி செம்பைத் தட்டிப் பார்த்தார், காதருகே வைத்து ஆட்டினார். "மூடியைத் திறங்க. இல்லைன்னா லக்கேஜ்ல போடுங்க. கையில விட முடியாது" என்றார். திறந்தால் நோன்பு போயிற்று. சரக்கறையில் போட்டால் பெட்டிகளோடு தரையில் உருளும்.

"நீங்களே கங்கையில மொண்டதுன்னு சொல்றீங்க. சரி. அடைச்சதையும் நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

இந்தக் கேள்வி காசியிலிருந்தே என்னுள் கிடந்தது. சந்துக்கடையில் ஈயம் வார்ப்பவன் செம்பை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனான். நெடுநேரம் கழித்துத்தான் வந்தான். ஒரே மாதிரியான செம்புகள் அங்கே வரிசையாக இருந்தன. பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல நா எழவில்லை.

"பார்க்கவில்லை" என்றேன்.

"அப்போ உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கே நிச்சயமா தெரியாது. எனக்கு எப்படி சார் தெரியும்?"

மாலை விமானம் இல்லை என்றாயிற்று. மறுநாள் அமாவாசை தவறினால் கங்கையிலிருந்து சுமந்ததெல்லாம் வீண். செம்பை அணைத்துக்கொண்டு வாயிலருகே நின்றேன்.

கட்டச் சட்டைக்காரர் வந்தார். "ராமேஸ்வரம் வண்டி தாம்பரத்துல நிக்கும் சார். எனக்கும் டூட்டி முடிஞ்சுது, வூடு அங்கதான். வாங்க."

பெருஞ்சாலையைக் கடந்து திரிசூலத்தில் மின்வண்டி ஏறினோம். என் ஐயம் என்னுடனேயே ஏறியது. "நீங்கள் எனக்குத் துணையாக வருகிறீரா, காவலாக வருகிறீரா?" என்று கேட்டே விட்டேன்.

"ரெண்டும்தான் சார். நீங்க வண்டி ஏறிப் போறதப் பாக்காம எனக்குத் தூக்கம் வராது."

குரோம்பேட்டையில் வண்டி நின்றது. என் வீட்டுக்குப் போகும் நிலையம். தாமாகவே எழப் பார்த்த கால்களை அடக்கிக்கொண்டு ஜன்னலுக்கு மறுபுறம் பார்த்தேன்.

தாம்பரத்தில் இராமேசுவரம் வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. எல்லாரும் அமாவாசைக்குப் போகிறவர்கள். அவர் கதவருகே போய்க் கூவினார்: "கங்கத் தண்ணி சார்! கீழ வெக்கக் கூடாது! பெரியவருக்கு எடம் குடும்மா, கொஞ்சம் நவுரு மச்சான்!" பகலெல்லாம் அந்தச் செம்பை நம்பாதவர் அதற்குச் சாட்சி சொன்னார். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். வண்டி நகர்ந்தபோது காவலர் நடைமேடையிலேயே நின்று, கடைசிப் பெட்டி போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அமாவாசைக் காலையில் இராமேசுவரத்தில் ஈயத்தை நெம்பித் திறந்தார்கள். உள்ளே நீர்தான் இருந்தது. தெளிந்த நீர். நான் மொண்டதுதானா என்று இன்றும் என்னால் உறுதி கூற இயலாது. அது திருமுடியில் விழுந்தது. அங்கே குடியிருக்கும் நதி தன் நீரைத் தான் அறியும் என்று அந்த விசாரணையைப் பெருமானிடமே விட்டுவிட்டேன். வெறுஞ்செம்பைத் தரையில் வைத்தேன். கை அப்போதும் மடங்கியே இருந்தது.

இதைப் படிக்கும் நீங்கள் அனைவரும் நீடு வாழ்க. கீழே வைக்க முடியாத ஒன்றைச் சுமந்துகொண்டு வழியில் காத்திருக்க நேர்ந்தால், சிறிது நேரம் வாங்கிப் பிடிக்க ஒருவர் உங்களுக்கு வாய்க்கட்டும். ஐயத்தோடு வந்தாலும் அவர் உங்களை வண்டி ஏற்றிவிடும்வரை உடன் நிற்கட்டும்.