மேரி டீச்சருக்குப் பக்கத்து வகுப்பு

ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவது சுலபம்; பக்கத்து வகுப்பில் கேட்கிற சிரிப்பைச் சகித்துக்கொண்டு நடத்துவதுதான் பெரும்பாடு. அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணூர்பேட்டைப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப்பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பக்கத்து வகுப்பு, தமிழ் எடுக்கும் மேரி டீச்சருடையது. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வேலைக்கு வந்த பீகார், ஒடிசா, ஆந்திரக் குடும்பங்களின் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் எங்களிடம் சேர்ந்து படிக்கிறார்கள். ஊர் நான்கானாலும் அவர்கள் வாயில் ஒரே பெயர்தான்.

காலை உப்புமா

ஐந்தாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிங்கி, காலை உணவைத் தொடவே மாட்டாள். மேரி டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் தட்டு காலியாகும். இதென்ன பெரிய வித்தை என்று ஒருநாள் நானும் தட்டோடு தரையில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தைகளையும் செலவழித்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகத் தமிழிலேயே சொன்னாள்: "டீச்சர், நீங்க எழுந்தா அங்க மேரி டீச்சர் உக்காருவாங்க."

மாலை வகுப்பு

தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கு மேரி டீச்சர் மாலையில் தனி வகுப்பு வைத்தார். உட்கார இடமில்லாமல் கூட்டம். பொறுக்காமல் நானும் கணக்குக்கு ஒன்று தொடங்கினேன். ஒரே ஒரு பையனை அவன் அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் சொன்னார்: "கோச்சுக்காத டீச்சர், மேரி டீச்சர் கிளாஸ்ல எடம் இல்லியாம், அத்தான் இங்க இட்டாந்தேன்."

பள்ளியின் கதை

ஆண்டு விழாவுக்குப் பள்ளி வரலாற்றை நான்தான் எழுதினேன். தொழிற்சாலைகள் வந்த புதிதில், தொழிலாளர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தகரக் கொட்டகை போட்டதில் ஆரம்பித்து, பழைய மாணவர்களைத் தேடிப் பூந்தமல்லி வரை அலைந்து எல்லாவற்றையும் திரட்டியிருந்தேன். மேடையில் வாசித்து முடித்ததும் தலைமையாசிரியர் கைகுலுக்கினார்: "பிரமாதம் டீச்சர்! மேரி டீச்சரைப் பத்தி இன்னும் ரெண்டு வரி சேர்த்திருக்கலாம்."

பிங்கியின் வீடு

மேரி டீச்சர் விடுப்பில் போயிருந்தபோது பிங்கி பள்ளிக்கு வருவது நின்றுபோனது. விசாரித்தேன். அவள் அம்மாவும் வேலைக்குப் போவதால் இரண்டு வயதுத் தம்பியை இவள்தான் பார்த்துக்கொள்கிறாளாம். வீட்டுக்கே போனேன். அவள் அப்பா கதவைப் பாதி திறந்து, "படிப்பு வேணாம் மேடம்" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "நீங்கதான் மேரி மேடமா?" என்றார்.

இல்லை என்று சொன்னால் அந்தக் கதவு மூடிவிடும் என்று தோன்றியது. வயிறு எரிய எரிய, "ஆமாம்" என்றேன்.

உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார்கள். பள்ளிக்கு அடுத்த கட்டடத்திலேயே அங்கன்வாடி இருப்பதை எடுத்துச் சொன்னேன். சின்னவனை அங்கே விட்டுவிட்டுப் பிங்கி வகுப்புக்கு வர ஒத்துக்கொண்டார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மூலையில் நின்ற பிங்கி வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை என் மேசையருகே வந்து, யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்: "பயப்படாதீங்க டீச்சர், நான் யார்கிட்டயும் சொல்லல."

நம் தொழிலில் பெயர் யாருக்கோ போகட்டும், பிள்ளை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டால் வயிற்றெரிச்சலோடும் வகுத்தல் சொல்லிக்கொடுத்துவிடலாம்.