மூன்று மணி நோவு

மாங்கூழ் பேக்டரியில் பழம் பிரிக்கிற பெல்ட்டின் முன்னால் நிற்கும்போது நேரம் தெரியாது. பெங்களூரா பழங்கள் மஞ்சளும் பச்சையுமாக நகர்ந்துகொண்டே இருக்கும். கூழ் காய்ச்சுகிற ஆவி கூரைக்குக் கீழே மூட்டம் போட்டிருக்கும். அழுகினதை எடுத்துக் கூடையில் போட்டபடி பாதித் தூக்கத்தில் நிற்பதுபோல் நிற்பேன். எனக்கு மணி சொன்னது என் இடது கண்தான்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கண்ணில் நீர் கசியும். பிறகு இடது மூக்கு ஒழுகும். இமை பாதிக்கு இறங்கிவிடும். அதற்கப்புறம் கண்ணுக்குப் பின்னால் திருப்புளியை வைத்துத் திருகுவதுபோல் வலி ஆரம்பிக்கும். உட்கார முடியாது, படுக்க முடியாது. பேக்டரிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். நான்கு மணிக்கு அது சட்டென்று விட்டுவிடும். விட்ட பிறகு உலகம் கழுவி வைத்ததுபோல் இருக்கும். தூரத்து லாரிச் சத்தம்கூட மெல்லியதாகக் கேட்கும். ஒன்றுமே நடக்காதவள்போல் பெல்ட்டுக்குத் திரும்புவேன்.

முதல் வருடம் ஆறு வாரம் தினமும் வந்து, தானாகவே போனது. மறு வருடம் மாம்பழ சீசனோடு திரும்பவும் வந்தது.

"மூணு மணியானா உனக்கு மட்டும் தலை நோவுதா?" என்பார் மேஸ்திரி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

அதற்குள் நான் செய்யாத வைத்தியமில்லை. சைனஸ் என்று மூக்கில் சொட்டு விட்டார்கள். கண்ணாடி போட்டேன். மேல் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். பல் போனது, நோவு போகவில்லை. ஒற்றைத் தலைவலி என்று கொடுத்த மாத்திரை வேலை செய்ய ஆரம்பிப்பதற்குள் வலியே முடிந்துவிடும். நான் காண்டிராக்ட் ஆள் என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது. இருந்தது அரசாங்கக் காப்பீட்டு அட்டை மட்டும். அதை எடுத்துக்கொண்டு சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள சேர்ந்து ஆபரேஷன் மாதிரி எதாச்சும் செஞ்சாத்தாங்க இது செல்லும். தலை நோவுக்கு வந்து பார்த்துட்டுப் போறதுக்கெல்லாம் இதுல வராதுங்க."

என் வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குத் திரும்பும் வழியில் தொப்பூர் மலை ஏறும்போது ஒருமுறை மட்டும், "வேற எங்கனா பாக்கலாம், வுடு" என்றார்.

அரசு ஆஸ்பத்திரிக்கும் போயிருந்தேன். அங்கே வெளிநோயாளிகளைப் பார்ப்பது காலையில். எனக்கு வருவது மூன்று மணிக்கு. காலை பத்து மணிக்கு டாக்டர் முன்னால் நல்ல முகத்தோடு உட்கார்ந்து, "செத்துப் போயிடலாம்னு இருக்குதுங்க" என்று சொன்னால் யார்தான் என்ன செய்வார்கள்? வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

வழி கண்டுபிடித்தது என் பக்கத்தில் நின்று வேலை செய்யும் பெண். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், என்னைவிட இளையவள். ஒருநாள் பெட்டிகளுக்குப் பின்னால் நான் தலையை அழுத்திக்கொண்டு நடந்தபோது போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க மூஞ்சியப் படம் புடிக்கிறேன். டாக்டருகிட்ட இதக் காட்டுங்க."

மறுநாள் நானும் வீட்டுக்காரரும் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அன்றைக்கு உட்கார்ந்திருந்த டாக்டரம்மா இளவயதுக்காரர். அவள் எடுத்து அனுப்பியிருந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். தொங்கின இமையைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"வலி வரப்போ இருட்டுல படுத்துக்கணும்னு தோணுமா, நடக்கணும்னு தோணுமா?"

"படுக்கவே முடியாதுங்க. நடந்துக்கினே இருப்பேங்க."

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி அது. சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவிட்டார். இதற்குக் கொத்துத் தலைவலி என்று பெயர், கொத்தாகச் சில வாரம் தினமும் வந்துவிட்டுப் போகும், ஆண்களுக்கு அதிகம் வரும், அதனால் பெண்களிடம் யாரும் சீக்கிரம் சந்தேகப்படுவதில்லை என்று நிதானமாகச் சொன்னார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஈசிஜி பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார்.

"பிபிக்குக் குடுக்கற மாத்திரைதான், இதுக்கும் கேக்கும். ஆனா உடனே நிக்காது. இன்னைக்கு வூட்டுக்குப் போகாதீங்க. ரெண்டரைக்கு அவசர வார்டுக்கு வாங்க, நான் இருப்பேன்."

வராண்டா பெஞ்சில் காத்திருந்தோம். மின்விசிறி சுற்றியது. சுவரில் வெயில் சதுரம் சதுரமாக நகர்ந்தது. வீட்டுக்காரர் வாங்கி வந்த பன்னைப் பாதி தின்றேன். முதல் தடவையாக அந்த மூன்று மணிக்கு நான் பயப்படாமல், பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தேன்.

கண்ணில் நீர் வந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். பை தொங்கும் மாஸ்க் ஒன்றை முகத்தில் பொருத்தி, குழாயை நன்றாகத் திறந்துவிட்டார்கள். ஆக்சிஜன் சீறிக்கொண்டு வந்தது. குளிர்ச்சியாக, வாசனை எதுவும் இல்லாமல். குனிந்து உட்கார்ந்து மூச்சை இழுத்தேன். வலி ஏறியது. பிறகு ஏறின இடத்திலேயே நின்றது. பிறகு ஏரியில் தண்ணீர் வற்றுவதுபோல், கரை கரையாக, உள்ளே இறங்கிப் போனது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சீறல் சத்தத்துக்கு நடுவே எங்கோ மிதந்துகொண்டிருந்தேன். டாக்டரம்மா கட்டை விரலைத் தூக்கி, சரியா என்பதுபோல் பார்த்தார். தலையாட்டினேன்.

தினமும் தருமபுரிக்கு வர முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. எங்கள் காரிமங்கலம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அங்கிருந்த நர்ஸ் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "மூச்சுத் திணறலுக்குத்தாம்மா ஆக்சிஜன் வைப்போம்" என்றார். ஆனாலும் மூக்கில் சிறு குழாய் வைத்து மெதுவாகத் திறந்துவிட்டார். அதற்கு நோவு அடங்கவில்லை. ஒரு மணி நேரமும் அந்த வார்டிலேயே நடந்து தீர்த்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாம் அடங்கின பிறகு கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார்.

"பன்னெண்டு லிட்டர், பை மாஸ்க்குன்னு தெளிவாத்தான் எழுதியிருக்காங்க. நாந்தான் சரியாப் பாக்கல. மன்னிச்சுக்கோம்மா. நாளைக்கு வா."

மறுநாள் போனபோது மாஸ்க்கும் நாற்காலியும் தயாராக இருந்தன. மேஸ்திரியிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். "காலைல ஒரு மணி நேரம் முந்தி வந்துடு" என்று விட்டுவிட்டார். இரண்டு வாரம் அப்படிப் போய் வந்தேன். மாத்திரை பிடிக்கப் பிடிக்க நோவு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது, பிறகு வரவில்லை. நின்றுபோன முதல் நாட்களில் மத்தியானங்கள் ரொம்ப நீளமாக இருந்தன. அவற்றை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

முழுதாகப் போகாது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். இந்த வருடம் அது சீசனுக்குக் காத்திராமல் தை மாதத்திலேயே வந்தது, விடிகாலையில். பனியில் வீட்டுக்காரர் மினி லாரியில் காரிமங்கலம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் மெல்ல வெளுத்தது. எங்கோ பால்காரர் வண்டி போனது. வலி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு வாங்குதாம்மா?"

மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, "இல்லீங்க, தலை நோவு" என்றேன்.

"தலை நோவுக்கா காத்து வுடறாங்க?" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டார். அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. மாஸ்க் முழுக்க ஆவி படிந்து, கொஞ்ச நேரம் வார்டு வெள்ளையாகத் தெரிந்தது.