டேப் ஒட்டிய பானை

எங்கள் பொங்கல் பானையின் கழுத்தில் செல்லோ டேப்பின் பசை ஒரு கோடாகப் படிந்திருக்கிறது. பித்தளை எவ்வளவு பளபளத்தாலும் அந்தக் கோடு மட்டும் மங்கலாகத் தெரியும்.

சிதம்பரத்தில் பி.காம். படித்தபோது, கல்லூரி விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை இன்றும் உண்டு; அன்று கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது. கடையில் பல வருடங்களாக வேலை செய்த அக்கா ஒருவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "காலேஜு வந்துடுச்சு, எல்லாரும் வழி வுடுங்க" என்பார்.

அந்தப் பொங்கலுக்குச் சரக்கு தேங்கி நின்றது. பானை, கரண்டி, மூடித்தட்டு, யாரும் கேட்காத டம்ளர்கள் எல்லாவற்றையும் சேர்த்து 'பொங்கல் செட்' என்று கட்டினால், தலைப்பொங்கல் சீருக்கு அப்படியே வாங்கிப் போவார்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் சம்மதித்தார். சரக்கு நகராவிட்டால் பண்டிகைக்குப் பிறகு கவுன்ட்டருக்கு ஒரு பெண் போதும் என்றும் சொல்லிவைத்தார். இருந்தது நாங்கள் இருவர்தான்.

மூடி ஆடக்கூடாதென்று ஒவ்வொரு பானையையும் சுற்றி டேப் ஒட்டினேன். மேலே கண்ணாடித்தாள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் எடுத்தவர்கள் எல்லாரும் திரும்ப வைத்தார்கள். கடைசியில் ஒரு தாய்தான் சொன்னார்: "பொண்ணுக்கு வெறும் பானையவா குடுப்பாங்க? ஒரு பிடி அரிசி போடக்கூட வழியில்லாம ஒட்டி வெச்சிருக்கீங்களே."

முதலாளி எங்களைப் பார்த்தார். "யாரு இத இப்படி ஒட்டுனது?"

"நான்தான் மொதலாளி" என்றார் அக்கா.

நான் தரையைப் பார்த்தேன்.

அன்றே அக்கா பிளேடால் ஒவ்வொன்றாகக் கீறி, ஒரு பிடி பச்சரிசியும் ஒரு மஞ்சள் கிழங்கும் உள்ளே போட்டு, மறுபடி கட்டினார். போகிக்குள் எல்லாம் தீர்ந்தது. முதலாளி பக்கத்துக் கடைக்காரரிடம் என் யோசனையைப் புகழ்ந்தார். என்னை பில் போட உட்கார வைத்தார். அக்காவை மாடிக் குடோனுக்கு அனுப்பினார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இன்று கடலூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பண்டிகைக் 'காம்போ' போடும் பொறுப்பு என்னுடையது. எந்தப் பொருளையும் சேர்த்துக் கட்டுமுன், அதை யார் யாருக்குக் கொடுப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

போன வருடம் எனக்குத் தலைப்பொங்கல். அக்கா பஸ் ஏறி மஞ்சக்குப்பத்தில் என் மாமியார் வீட்டுக்கு வந்தார். கையில், அந்த வருடம் கடையில் அவருக்குப் பொங்கல் இனாமாகக் கொடுத்த செட். பிரிக்காமலே வைத்திருந்திருக்கிறார். "இந்தா காலேஜு. ஒட்டுனது நீ, அரிசி மட்டும் நான் போட்டது" என்று சிரித்தார்.

இந்தப் பொங்கலுக்கும் அதே பானையை இறக்கினோம். மாமியார் புளி வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கோடு போவ மாட்டேங்குதே. யாரு இத இப்படி ஒட்டுனது?" என்றார்.

"நான்தான் அத்த" என்றேன்.