வீட்டில் எத்தனை பேர்

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லத் தெரியாது. "குழாய் டீச்சர்" என்று கணவன் கேலியாக வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. மண்ணுக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஏறும், எந்தத் தெருவில் ஏறாமல் முரண்டு பிடிக்கும் என்று கணக்குப் பார்க்கும் மென்பொருள் ஒன்று உண்டு. அதை இன்ஜினியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் பிழைப்பு. கல்லூரி முடித்ததும் சில வருடம் வெயிலில் நின்று குழி தோண்ட வைத்தவள், பிறகு இந்த ஏ.சி. அறைக்கு வந்து சேர்ந்தாள்.

கணவன் மருந்துக்கடை வைத்திருந்தான். "மாத்திரை நான் தர்றேன், முழுங்கத் தண்ணி நீ தர்ற. நம்ம ரெண்டு பேரும் லீவு போட்டா ஊரே படுத்துடும்" என்பான். நான்கு மாதத்துக்கு முன் ஒரு மதியம், கடை ஷட்டரைப் பாதி இறக்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். அழுகை வரவில்லை. சமைத்தாள், மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள், மாமனாருக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று மகள் சொன்ன பிறகுதான் தெரிந்தது, உப்பில்லாத அதே சாப்பாட்டில் தானும் பாதித் தட்டைக் காலி செய்திருந்தாள் என்று. நாத்தனார் ஒருத்தி, "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று கூடத்தில் சொன்னது சமையலறைவரை கேட்டது. கேட்டது, அவ்வளவுதான்.

மறுபடி வேலையில் சேர்ந்த அன்று மேலாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

"இந்த பேட்ச் மூணு நாள். நான் பின்னாடி உட்கார்ந்து பார்க்கறேன். உங்களால முடிஞ்சா வகுப்பு உங்ககிட்டயே இருக்கும். முடியலன்னா தப்பே இல்லம்மா, டிசைன் பிரிவுல ஒரு மேஜை போட்டுத் தர்றேன். சம்பளம் அதேதான்."

"முடியும் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க வச்சாத்தான் சார் கஷ்டம்."

அவள் உண்மையைத்தான் சொன்னாள். வகுப்பில் நின்றால் வாய் தானாகப் பேசும், கை தானாக வரையும். மேஜை என்றால் நாள் முழுக்கத் தன்னோடு தானே உட்கார வேண்டும். அந்த நான்கு மாதத்தில் அவள் வேண்டும் என்று நினைத்த ஒரே விஷயம் அந்த வகுப்புதான்.

முதல் நாள் காலை பன்னிரண்டு பேர் வந்தார்கள். முன்வரிசையில் பணி ஓய்வை நெருங்கிய இன்ஜினியர் ஒருவர், தலை முழுக்க நரை. மவுஸைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எலி பிடிக்க அனுப்பியிருக்காங்க மேடம்."

"கடிக்காது சார், பிடிங்க."

வகுப்பு சிரித்தது. பின்னால் மேலாளரும் லேசாகச் சிரித்தார்.

அவள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பாடத்திலேயே மேல்நிலைத் தொட்டி ஒன்றிலிருந்து ஒரு தெருவுக்குக் குழாய் வரைவார்கள். அந்தத் தெருவில் ஆளுக்கொரு புள்ளி, அதுதான் அவரவர் வீடு. வீட்டில் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். தலைக்கு நாளொன்றுக்கு நூற்றைம்பது லிட்டர் என்று பெருக்கி, அது வினாடிக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றி, அந்தப் புள்ளியின் தேவைக் கட்டத்தில் போட வேண்டும். தெருக்கோடியில், மேட்டில் இருக்கும் கடைசிப் புள்ளி எப்போதும் அவள் வீடு.

"எங்க வீட்ல மூணா, நாலா மேடம்?" என்று ஓர் இளைஞன் தயங்கினான். "அடுத்த மாசம் டெலிவரி."

"அப்ப மூணேகால் போடுப்பா" என்றார் நரைத்தவர்.

"இன்னிக்கு யார் இருக்காங்களோ அவங்களை மட்டும் போடுங்க" என்றாள் அவள். "வரப்போறவங்க, போனவங்க எல்லாம் வேண்டாம். மாடல்ங்கறது இன்னிக்குக் கணக்கு."

இதை ஒவ்வொரு பேட்சிலும் சொல்வாள். பன்னிரண்டு வீடும் முடிந்தன. கடைசிப் புள்ளியைத் திறந்தாள்.

"உங்க வீட்ல எத்தனை பேர் மேடம்?" நரைத்தவர் கேட்டார்.

"நாலு."

சொன்னபடியே கை கட்டத்தில் நான்கு என்று அடித்தது. பெருக்கவில்லை, வகுக்கவில்லை. கணக்கை ஓட்டச் சொல்லி அழுத்தினாள். மென்பொருள் மறுக்கவில்லை; அது எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். கணக்கை முடித்துவிட்டு, அழுத்தம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறது என்று ஒரு எச்சரிக்கை காட்டியது. தெருவின் பாதிப் புள்ளிகள் சிவப்பாகின. பன்னிரண்டு இன்ஜினியர்களில் பாதிப் பேர் வீட்டில் தண்ணீர் இல்லை.

நரைத்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். "வினாடிக்கு நாலு லிட்டரா? மேடம், வீட்ல யானை கட்டியிருக்கீங்களா?"

வகுப்பே குலுங்கியது. "ஒரு யானை பத்தாது சார், மந்தையே இருக்கு" என்றான் இளைஞன். வேண்டுமென்றே செய்துகாட்டினாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. ஆள் எண்ணிக்கையைத் தேவைக் கட்டத்தில் போடுவது புதிதாக வருபவர்கள் செய்யும் தப்பு. அவள் செய்து அவர் பார்த்ததில்லை.

அவளுக்கு முகம் சூடாகவில்லை. திரையில் இருந்த நான்கைப் பார்த்தாள்.

"இது பாடம் இல்லை. நான் தப்பாப் போட்டுட்டேன்" என்றாள். "இது ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரோட தண்ணி. ஒரு வீட்டுக்குள்ள ஒரு ஊரையே வச்சுட்டேன். கணக்கு ஓடிடுச்சேன்னு நம்பாதீங்க. அது நீங்க சொன்னதைச் செய்யும், சரியான்னு கேக்காது."

அழித்துவிட்டு, பெருக்கி, வகுத்து, நான்கு பேருக்கான சின்னத் தசம எண்ணைப் போட்டாள். தெரு மறுபடி நீலமானது. கடைசி வீட்டில் அழுத்தம் பதினொன்று புள்ளி நான்கு மீட்டர்; அந்த உயரம்வரை தண்ணீர் தானாக ஏறும். அத்தோடு விட்டிருக்கலாம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"இன்னொரு தப்பும் இருக்கு" என்றாள். "எங்க வீட்ல இப்ப மூணு பேர்."

மேலாளர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். நரைத்தவருக்கு ஏதோ பிடிபட்டது; வாயில் தயாராக இருந்ததை விழுங்கிவிட்டார். அவள் மூன்று பேருக்கான எண்ணைப் போட்டு மறுபடி ஓட்டினாள். பதினொன்று புள்ளி நான்கு.

இளைஞனுக்கு எதுவும் விளங்கவில்லை. "மாறவே இல்லையே மேடம்?"

"மாறாது. ஒரு ஆளோட தண்ணி இவ்வளவு பெரிய குழாய்க்கு ஒரு பொருட்டே இல்ல."

"பக்கத்து வீட்லயாவது?"

அவள் ஒவ்வொரு புள்ளியாகச் சொடுக்கிக் காட்டினாள். பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு, தெருமுனை, தொட்டிவரை. எங்கும் ஓர் எண்கூட அசையவில்லை. அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு அந்தப் பாடத்தை அவள் நடத்தியதே இல்லை.

"சரி" என்றாள். "டீ குடிச்சிட்டு வாங்க. அடுத்தது பம்ப்."

வராந்தாவில் மேலாளர் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"முதல் தப்பைப் பாடமாவே மாத்தியிருக்கலாமேம்மா. அவங்க அப்படித்தான் நினைச்சாங்க."

"நீங்க நினைக்கலையே சார்."

அவர் டீயை ஊதினார். "ரெண்டாவதை யாரும் கேக்கவேயில்லை."

"இன்னிக்குக் கணக்கைப் போடுங்கன்னு அவங்ககிட்டச் சொல்லிட்டு, நான் வேற போட்டா எப்படி சார்?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மேஜைதான்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

அவர் பதில் சொல்வதற்குள் நரைத்தவர் வாசலில் எட்டிப்பார்த்தார். "மேடம், எலி செத்துப்போச்சு. அசைய மாட்டேங்குது."

"பேட்டரியாத்தான் இருக்கும் சார், வர்றேன்" என்று டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பம்ப் பாடம் நீண்டது. எப்போது பேசினோம், எப்போது வரைந்தோம் என்று அவளுக்கே தெரியாமல் மதியம் கழிந்தது. நரைத்தவரைத் தவிர எல்லோரும் கிளம்பிய பிறகு திரையை அணைத்து நிமிர்ந்தாள். பின்வரிசை நாற்காலி காலி.

"உங்க சார் எப்பப் போனார்?" நரைத்தவர் பையை மாட்டியபடி கேட்டார். "நாள் முழுக்க உட்காரப் போறார்னு நினைச்சேன்."

"தெரியல சார். நானும் அப்படித்தான் நினைச்சேன்."

கீழே வரவேற்பில் இருந்த பெண் அவளை நிறுத்தினாள். "அக்கா, சார் டீ டைமுக்கே மேல போயிட்டார். நாளைக்கும் மறுநாளும் வகுப்புக்கு வரமாட்டாராம். அடுத்த மாசம் பேட்சுக்கு உங்க பேரே போட்டாச்சு."

"சரிம்மா."

"சந்தோஷம்தானேக்கா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையிலிருந்து தோளை இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு அறையைத் திறப்பீங்க?" என்று கேட்டாள்.