ஞானவேலின் ஆறு மணி மாத்திரை

முதலில் நான் பார்த்தது மாமாவின் முன்கையில் இருந்த நீலத் திட்டு. நாவல் பழத்தை நசுக்கித் தேய்த்தது போல இருந்தது. கேட்டதற்கு, "எங்கனா இடிச்சிருப்பேம்மா" என்றார். சில நாளில் தொடையிலும் ஒன்று வந்தது. பல் துலக்கித் துப்பும்போது இரத்தம் கலந்து வந்தது. வயதானால் ஈறு பலவீனமாகும் என்று நினைத்து, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன்.

மாமா என்று நான் சொல்வது என் கணவரின் அப்பா கலியபெருமாளை. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்த்து ஓய்ந்தவர். அதே பேட்டையில் பியூஸ் கட்டை செய்யும் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். என் கணவர் ஞானவேல் இறந்து, கருமாதி முடிந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவுக்கு மூக்கில் இரத்தம் வந்தது. அது நிற்கவில்லை. ஒரு துண்டு நனைந்து, இன்னொன்றும் நனைந்தது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு, ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு ஓடினேன்.

மூக்கில் துணி அடைத்துப் படுக்க வைத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, இளவயதுப் பெண் மருத்துவர் ஒருவர் என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) ரொம்ப ஏறியிருக்குதும்மா. கல்லீரல் நல்லாத்தான் இருக்குது. வூட்ல எலி மருந்து எதுனா வெச்சிருக்கீங்களா?"

"எலி மருந்தா?"

"சில எலி மருந்து இப்படித்தான் ரத்தத்த உறைய விடாம பண்ணும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "மகன் போனதுலேருந்து எப்படி இருக்காரு? பேசுறாரா, சாப்புடுறாரா?" என்று கேட்டார்.

மாமா தானே எதையாவது சாப்பிட்டிருப்பாரோ என்றுதான் கேட்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த மூன்று எழுத்துச் சோதனை எனக்குப் புதிதல்ல. ஞானவேலுக்கு மாதாமாதம் எடுத்ததுதான். ஆனாலும் அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அந்தச் சொல் அவரோடு சேர்ந்து எரிந்து போயிற்று என்று நினைத்திருந்தேன் போல.

அக்காவை மாமா அருகில் உட்கார வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தேடினேன். அடுப்படிக்குக் கீழே, பரண்மேல், குளியலறை மாடத்தில் எல்லாம் பார்த்தேன். எலி மருந்து எங்கும் இல்லை. கடைசியாக பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன். ஞானவேலின் மாத்திரை டப்பா அங்கேதான் இருந்தது. அவர் போன பிறகு நான் அதைத் தொடவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, திறந்து பார்க்கவும் வரவில்லை.

டப்பாவைத் திறந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முழு அட்டைகளாக நான் அடுக்கி வைத்திருந்தவற்றில் பல காலியாக இருந்தன. காலி அட்டைகளை யாரோ ஒழுங்காக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். மருந்து தீர்ந்ததும் ஞானவேல் அப்படித்தான் கட்டி வைப்பார். ஒரு கணம், அவர்தான் வந்து போட்டுக்கொண்டு போயிருக்கிறார் என்று நினைத்தேன். பட்டப்பகலில், சன்னல் எல்லாம் திறந்திருந்த வீட்டில், திரும்பி வாசலைப் பார்த்தேன்.

ஞானவேலுக்குச் சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருந்தது. சென்னையில் அறுவை செய்து உலோக வால்வு வைத்தார்கள். அந்த வால்வில் இரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) தினமும் மாலை ஆறு மணிக்குப் போட வேண்டும். "ஒரு வேளை கூட நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வால்வு நின்றுவிடும்" என்று மருத்துவர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். ஞானவேல் ஒரு வேளையும் நிறுத்தவில்லை. பல வருடம் நன்றாக இருந்தார். கடைசியில் வால்வில் கிருமித் தொற்று வந்து, காய்ச்சலாகவே அவரைக் கொண்டுபோய்விட்டது.

டப்பாவைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டினேன். அட்டையில் இருந்த பெயரைப் படித்ததும், "இதுதான்" என்றார். வைட்டமின் கே ஊசி போட்டார்கள். இரத்த வங்கியிலிருந்து பிளாஸ்மா (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) ஏற்றினார்கள். மஞ்சள் நிறத்தில் அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, மாமா கண்ணைத் திறக்கும்வரை காத்திருந்தேன்.

"மாமா, சாவணும்னு நெனச்சா சாப்பிட்டீங்க?"

"சீச்சீ, இல்லம்மா."

"பின்ன எதுக்குங்க மாமா?"

சுவரைப் பார்த்தபடி கிடந்தார். மூக்கில் அடைத்த துணியால் குரல் அவருடையதாகவே இல்லை.

"ஆறு மணி ஆனா கையி தானா டப்பாவுக்குப் போவுதும்மா. நீ வேலைக்குப் போயிருப்ப. வூட்ல நான் ஒண்டிதான. நிறுத்தப்புடாதுன்னு டாக்டரு சொன்னது காதுலயே நிக்கிது. போட்டுட்டுப் படுத்தா அவன் நெஞ்சு சத்தம் கேக்கும். டிக்கு டிக்குன்னு. போடாத அன்னிக்கிக் கேக்கல."

உலோக வால்வுக்குச் சத்தம் உண்டு. அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்குக் கைக்கடிகாரம் போலக் கேட்கும். ஞானவேல் இறந்த பிறகு அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. பிரமை என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அன்று மாமாவிடம், "எனக்கும் கேக்குதுங்க மாமா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை முழுக்க ஊசி குத்திய இடமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

மெல்லத் தேறினார். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், "மொதல்ல அந்த மருந்த வூட்டவுட்டு வெளிய அனுப்புங்க" என்றார். அது எப்படி என்றுதான் எனக்குத் தெரியவில்லை. கம்மாபுரத்தில் இருக்கும் தன் தம்பிக்கும் இதயக் கோளாறுதான் என்று சொல்லி, பக்கத்து வீட்டு அக்கா மருந்தைக் கேட்டார். "வீணாத்தான போவுது, குடுத்துடேன்." மாமா படுத்திருந்த கட்டிலை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். பிறகு அவர் கேட்கவில்லை. குப்பையில் போட்டால் பொறுக்குகிறவர் கைக்குப் போகும். கழிவறையில் கொட்டினால் நிலத்தடி நீரில் கலக்கும். மணிமுத்தாற்றில் விடலாமா என்றுகூட யோசித்தேன். ஞானவேலின் அஸ்தியை அங்கேதான் கரைத்திருந்தோம்.

மறுபடி சோதனைக்குப் போனபோது மருத்துவரே வழி சொன்னார். ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் சிலரும் மருத்துவமனைக்காரர்களும் சேர்ந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் மீந்த மருந்துகளை அவ்வப்போது வாங்கிக்கொள்கிறார்கள். இதைப் படிக்கும் உங்கள் வீட்டு பீரோவிலும் அப்படி ஒரு டப்பா இருக்கலாம். உங்கள் ஊரில் இப்படி வாங்குகிறார்களா என்று மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவரை பூட்டி வையுங்கள். சாவி துக்கத்தில் இருப்பவர் கையில் இருக்க வேண்டாம்.

மருந்தைக் கொடுக்கப் போன அன்று மாமாவும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பள்ளி வகுப்பறையில் மூடிபோட்ட பெரிய தொட்டிகள் வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற பெண் ஒரு பை நிறைய சர்க்கரை மாத்திரைகளை வைத்திருந்தார். யாருடையவை என்று நான் கேட்கவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை.

தொட்டிகள் அருகே இருந்த மருந்துக்கடைக்கார அம்மா எங்கள் டப்பாவைத் திறந்து பார்த்தார். சென்னை மருத்துவமனையின் மருந்து உறைகளில் ஞானவேலின் பெயரும் வயதும் எழுதியிருந்தன. ஒரு கறுப்பு மார்க்கரை நீட்டி, "பேர அடிச்சிடுங்க" என்றார்.

மாமா மார்க்கரை வாங்கவில்லை. "பேரு இருந்துட்டுப் போவட்டுமே, தாயி."

"வெளியாளு கண்ணுல படக்கூடாதுங்கய்யா. அதுக்குத்தான்."

நான் வாங்கி அடித்தேன். ஒவ்வொரு உறையிலும் அவர் பெயர் கறுப்புக்குள் போனது. ஈமச்சடங்கில் கூட நான் செய்யாத ஏதோ ஒன்றைச் செய்வது போல இருந்தது.

"இதெல்லாம் எங்க போவுது?" என்று கேட்டார் மாமா.

"மருத்துவக் கழிவ எரிக்கிற எடத்துக்குங்கய்யா. பெரிய சூளை மாதிரி இருக்கும்."

"நல்லா எரியுமா?"

"ஒண்ணும் மிஞ்சாதுங்க."

வாழ்நாள் முழுக்க சூளை முன்னால் நின்ற மனிதர் அந்தப் பதிலைக் கேட்டுத் தலையை ஆட்டினார். "நானே போடட்டுமா?" என்று கேட்டு, ஒவ்வொரு அட்டையாகத் தொட்டிக்குள் விட்டார். பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. காலி டப்பாவைக் கொண்டுபோவதா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகும் எங்கள் மாலைகள் உடனே சரியாகிவிடவில்லை. ஆறு மணி நெருங்கினால் மாமா எழுந்து நடக்கத் தொடங்குவார். அந்த நேரத்தில் அவரைத் தனியாக விட மனம் வராமல், முதலாளியிடம் கேட்டு முன்னதாகவே வீடு திரும்புகிறேன். இருவரும் தெருமுனைவரை போய் டீ குடித்துவிட்டு வருகிறோம். அந்த மணியை நிரப்ப எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

தலை திவசத்தன்று வாழைக்காய் நறுக்கும்போது என் விரலைக் கத்தி வெட்டியது. ஞானவேலின் மருந்தால், எங்கள் வீட்டில் இத்தனை வருடமும் இரத்தம் என்றால் ஓட்டம்தான். துண்டு, ஆட்டோ, ஊசி. நான் பதறி எழுந்தேன். மாமா என் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கழுவி, தன் கட்டைவிரலால் காயத்தை அழுத்திக்கொண்டார்.

"நில்லும்மா. அதுவா கட்டும்."

அடுப்பில் பருப்பு பொங்கியது. யாரும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விரலை எடுத்துப் பார்த்தார். ஒரு சின்னச் சிவப்புக் கோடு மட்டும் இருந்தது. அது ஈரமாக இல்லை. இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.