பெரட்டுக் களத்தில் கூப்பிட்ட பெயர்

1. ஒரு மணி நேரத்தில் முடித்த கூட்டம்

மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன் நான். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது கையில் ஒரு தகரப் பெட்டிதான். கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைச் செடியைக் கழித்து வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்து, இருபது வருஷத்தில் கங்காணி ஆனேன். நூற்றிருபது பேரின் பெயரையும் தாள் பார்க்காமல் கூப்பிடுவேன். என் குரல் எதிர்மலை வரைக்கும் கேட்கும். இந்த வட்டாரத்தில் இப்படி இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள்.

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி மூடியதும், மனநல மருத்துவத் திட்டம் ஒன்று நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்கு வந்தது. ஊரறிந்த ஆள் என்று என்னைக் களப்பணிக்கு எடுத்தார்கள். டாக்டரம்மா முதல் நாளே சொன்னார்: "கங்காணி, இது கோ-டிசைனுங்க. கிளினிக் எங்க, எப்ப, எப்படின்னு நாம மட்டும் முடிவு பண்ணக் கூடாது. நோயாளிங்களும் அவங்க ஊட்டுக்காரங்களும் நம்மகூட உக்காந்து முடிவு பண்ணணும்."

"ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தர்றேம்மா" என்றேன்.

முடித்தும் தந்தேன். காலையில் வரிசை கட்டிப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதை நாங்கள் பெரட்டு என்போம். அந்தப் பெரட்டுக் களத்திலேயே எல்லோரையும் நிறுத்தினேன். "கிளினிக் இதே எடத்துல, புதன்கிழமை காலையில. சரிதானே?"

"சரிங்க." ஒரே குரல்.

செல்வி மட்டும் கை தூக்கினாள். அவள் புருஷன் முருகையா வேலை போன நாளிலிருந்து பேச்சை விட்டவன். சோறு வைத்தாலும் சுவரையே பார்த்திருப்பான். அவனை எப்படியாவது டாக்டரிடம் காட்டிவிட வேண்டுமென்று வந்திருந்தாள்.

"கங்காணி ஐயா, இந்த எடம் வந்து..."

"பெரட்டுல குறுக்கப் பேசற பழக்கம் எப்பலேருந்து புள்ள?"

சிரித்தார்கள். கை இறங்கியது.

"ஒருத்தர்கூட மாத்திச் சொல்லலீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"என் ஆளுங்கம்மா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

2. புதன்கிழமை

தூறல். வந்த ஏழெட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தள்ளித் தள்ளி நின்றார்கள். முருகையாவைச் செல்வி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். மூன்று மாதமாக வாசல் தாண்டாதவன், அன்று தலை சீவி, பொத்தானெல்லாம் போட்டிருந்தான்.

அவன் முறை வந்தது. பழக்க தோஷம், நெஞ்சை நிமிர்த்திக் கூப்பிட்டேன்: "முருகையா!"

மேலே ரோட்டிலிருந்து ஒரு ஜீப் டிரைவர் கத்தினான்: "என்ன கங்காணி, இப்பப் பைத்தியத்துக்கும் பெரட்டா?"

முருகையா என்னைப் பார்த்தான். அதே களத்தில் கடைசியாக நான் அவனைக் கூப்பிட்டது, "நாளையிலேருந்து வேல இல்ல, போ" என்று சொல்லத்தான்.

"அதான் அன்னைக்கே போகச் சொல்லிட்டீங்களே" என்றான். திரும்பி நடந்தான். செல்வி பின்னாலேயே ஓடினாள்.

ஒன்பதாம் நாள் விடிந்தபோது வீட்டில் அவனைக் காணவில்லை; தேடிப் போனவர்கள் ஓடைப் பக்கம் கண்டுபிடித்தார்கள். உயிர் இல்லை. தூக்கிவந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

3. செல்வி சொன்னது

காரியம் முடிந்தபின் டாக்டரம்மா செல்வி வீட்டுக்குப் போனார். நான் வாசலிலேயே நின்றேன்.

"அவரையும் உள்ள வரச் சொல்லுங்க, கேக்கட்டும்" என்றாள் செல்வி. "அந்தக் களம் வேணாம், தொரத்திவிட்ட எடம். நர்ஸம்மா பிரஷர் பாக்க வர்ற மாதிரி ஊடு ஊடா வரட்டும், எதுக்குன்னு ஊருக்குத் தெரியாது. பேரச் சத்தமாக் கூப்பிடாதீங்க. இதச் சொல்லத்தான் அன்னைக்குக் கை தூக்கினேன்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

"மன்னிச்சுக்க புள்ள" என்றேன்.

"அத அவருகிட்டச் சொல்லுங்க."

இப்போது அவள் சொன்னபடியேதான் நடக்கிறது. நர்ஸ் பிரஷர் மிஷினோடு வீடு வீடாகப் போகிறார். ஜனங்கள் கதவைத் திறக்கிறார்கள். கூட்டத்தைச் செல்வி நடத்துகிறாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லோரும் ஒரே குரலில் சரி என்றால் ரிப்போர்ட் எழுதிவிடாதீர்கள். பாதியில் இறங்கிய கை எது என்று தேடிப் போங்கள். நான் இறக்கிவிட்ட கைதான் முருகையாவைப் பிடித்துக் கூட்டிவந்தது.

என் குரல் இன்றைக்கும் எதிர்மலைக்குக் கேட்கும். கூட்டத்தில் கதவோரம் உட்காருகிறேன். யார் பெயரையும் கூப்பிடுவதில்லை.