சடைக்குள் போன சீயக்காய்

எங்கள் வீட்டு மாடியில் காலேஜ் பிள்ளைகள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டு பேர் புளியங்குடிப் பக்கம். மூன்றாவது பிள்ளை தான்சானியாவிலிருந்து படிக்க வந்தவள். மூவருக்கும் ஒரே அடுப்படிதான், ஆனால் பேச்சு கிடையாது. நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தப்பாக வந்துவிடும் என்று பயம். தன்னைக் கண்டாலே ஒதுங்குகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சேர்த்து வைக்க வேண்டிய வீட்டுக்காரி நான். என் லட்சணமோ, புது ஆளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அவளுக்குக் காபியைப் படியில் வைத்துவிட்டுத் திருடி மாதிரி இறங்கி வருவேன்.

ஒருநாள் அவளே இறங்கி வந்தாள். "ஆச்சி, மாசம் முடிஞ்சா நான் போறேன். இங்க தனியா இருக்கேன்" என்றாள், பழகிக்கொண்ட தமிழில்.

நான் தலையை ஆட்டினேன். சரி என்றா, போகாதே என்றா, ஆட்டிய எனக்கே தெரியவில்லை. அவளை விட மனமில்லை, அதைச் சொல்ல வாயுமில்லை.

சாரல் விழுந்த ஞாயிற்றுக்கிழமை மூவரையும் ஐந்தருவிக்குக் கூப்பிட்டேன். பேசத்தான் தெரியாது, எண்ணெய் தேய்த்துவிடத் தெரியுமே. அவள் தலை முழுக்கப் பொடிப்பொடியான சடைகள். அவள் கையை நீட்டித் தடுத்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். புரியவில்லை, சிரித்துக்கொண்டே நல்லெண்ணெயை ஊற்றினேன்.

அருவியில் அவர்கள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நடுவில் நான், கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. வீடு திரும்பியும் எண்ணெய் போகவில்லை. விடுவேனா? சீயக்காய்ப் பொடியைக் குழைத்து அள்ளி அப்பினேன். தண்ணீர் ஊற்ற ஊற்ற அது வெளியே வராமல் சடைக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கண்ணாடியைப் பார்த்ததும் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு நாளா நானே பின்னினேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

மூத்தவள் எட்டிப் பார்த்தாள். "என்ன ஆச்சி, இப்படிப் பண்ணி வச்சிருக்கீய? ஏட்டி, சீப்ப எடுத்துட்டு வா. நீ அந்தப் பக்கம் பிரி, நான் இந்தப் பக்கம் பிரிக்கேன்."

நான் கீழே இறங்கி என் அடுப்படியில் ஒளிந்துகொண்டேன். காது மட்டும் மாடியில் இருந்தது.

"திஸ் ஆச்சி வெரி டேஞ்சர்" என்றாள் இளையவள்.

"ஆமாலே" என்றாள் தான்சானியாக்காரி.

"ஏய், பொம்பளப் பிள்ளைய லேன்னு சொல்லப்பிடாது, ஏட்டின்னு சொல்லணும்" என்றாள் மூத்தவள்.

மூவரும் சிரித்தார்கள். சாயங்காலம் வரை பிரித்தார்கள். தப்பும் தவறுமான இங்கிலீஷ் ஓடியது. திருத்த யாருக்கும் கை ஒழியவில்லை. மறுநாள் முதல் பின்னக் கற்றுக்கொடுக்கிறேன் என்று அவளே அவர்கள் இருவரையும் உட்கார வைத்துக்கொண்டாள்.

மாதம் முடிந்தது. மூவரும் சேர்ந்து இறங்கி வந்தார்கள். வழக்கம்போல் கதவைத் தேடினேன்.

"ஆச்சி, நான் போகல" என்றாள் அவள்.

"ஆனா ஒரு கண்டிஷன்" என்றாள் மூத்தவள். "இனிமே இவ தலையத் தொடப்பிடாது."

தலையை ஆட்டினேன். இந்த முறை எல்லோருக்கும் புரிந்தது.